ஓசூரைத் தாண்டாத வண்டி

2024 ஜூலை 9, செவ்வாய்

இன்றைய தப்பு: காலண்டரில் ஜூலை ஏழாம் தேதியை வட்டமிடுவதற்குப் பதிலாக ஆகஸ்ட் ஏழை வட்டமிட்டிருந்தேன்.

நான் போகிற மாலை வகுப்பில் ராக்கையா சார் தினமும் டைரியை இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் தப்பு. கடைசியில் நாளைய வேலை. நடுவில் நடந்தது.

நடந்தது இது.

காலையில் ஆபீஸ் போன் அடித்தபோது நான் பானிபட் வண்டிக்கு ஈ-வே பில்லை நீட்டித்துக்கொண்டிருந்தேன். சரக்கோடு போகிற பில்லுக்கு ஆயுள் உண்டு. இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள். வண்டி நின்றுவிட்டால் பில் நிற்காது.

வண்டி நின்றிருந்தது.

என்னால்.

பன்னிரண்டு சக்கர லாரி. உள்ளே பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துண்டுகள், கட்டுக் கட்டாக; பானிபட்டில் அரைத்து மறுபடி நூலாக்குவார்கள். திங்கள் விடியலில் திருப்பூர் நல்லூரில் உள்ள எங்கள் லாரி யார்டிலிருந்து கிளம்பியது. வழி நான் போட்டது; ஆபீசில் வழியும் வண்டிப் பேப்பரும் என் பொறுப்பு. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா. டெல்லிக்குள் நுழையாமல் சுற்றுச்சாலை. அப்புறம் பானிபட்.

இத்தனை மாநிலத்துக்கும் ஒரே நேஷனல் பர்மிட் போதும். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்க வேண்டும். கடைசி நாள் ஜூலை ஏழு.

வட்டம் ஆகஸ்டில்.

ஓசூர் எல்லைச் செக்போஸ்டில் பிடித்து, வண்டியை வெயிலில் ஓரங்கட்டிவிட்டார்கள்.

நேற்று மாலையே புதுப்பித்து அனுப்பிவிட்டேன். வண்டியை விட்டுவிட்டார்கள் என்ற செய்திதான் என்று நினைத்து போனை எடுத்தேன்.

"செல்வி மேடம்... மொக்கைச்சாமி பேசுறேன்."

டிரைவர். விருதுநகர் பக்கத்துக்காரர். எங்களிடம் பல வருஷமாக வடக்கு வண்டி ஓட்டுகிறார்.

"சொல்லுங்கண்ணா. விட்டுட்டாங்களா?"

"விடல மேடம். தார்ப்பாயை அவுத்துட்டாக."

"எதுக்குங்க?"

"நாத்தம். நேத்து சாயந்திரமே லேசா அடிச்சுச்சு. எலி செத்துக் கெடக்குனு நெனச்சேன்..."

மூச்சு வாங்கும் சத்தம்.

"எலி இல்ல மேடம். நம்ம நல்லான்."

நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். பில்லை நீட்டிக்கக் காரணம் கேட்டது. விபத்து, இயற்கைச் சீற்றம், சட்டம் ஒழுங்கு... கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது.

அதை அழுத்தினேன்.

நல்லான் எங்கள் யார்டு சூப்பர்வைசர். ஞாயிறு மாலையிலிருந்து காணோம். அவர் மனைவி ஏற்கெனவே ஸ்டேஷனில் புகார் கொடுத்திருந்தார். அதனால் கேஸ் திருப்பூருக்கே வந்தது. மதியம் இன்ஸ்பெக்டர் மோகன்ராஜ் ஆபீசுக்கு வந்தார்.

"தலையில அடி. இரும்புக் கம்பியா இருக்கும். ரெண்டு கட்டுக்கு நடுவுல சொருகி, மேல இன்னொரு கட்டை வெச்சிருக்கான். பானிபட் குடோன்ல மலை மாதிரி துணி கெடக்குமாமே?"

"ஆமாங்க," என்றார் முதலாளி மகுடேஸ்வரன். "வருஷக் கணக்காக் கெடக்கும்ங்க."

"அப்ப வருஷக் கணக்கா நல்லானும் கெடந்திருப்பான். பர்மிட் முடிஞ்சதுல பொணம் மாட்டிக்கிச்சு. தேதியை விட்டது யாரு?"

முதலாளி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே கையைத் தூக்கினேன்.

"நாந்தானுங்க."

"பேரு?"

"அன்புசெல்விங்க."

"நல்லா வட்டம் போட்டம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை.

அவர் படியிறங்கும் முன்பே ஒரு பெண் வழி மறித்தாள். பாண்டியம்மாள். மொக்கைச்சாமியின் மனைவி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நைட் ஷிப்ட் முடித்த கண்கள்.

"எங்க வீட்டுக்காரவுகளை எங்கய்யா வச்சிருக்கீக?"

"கூட்டிட்டு வர்றாங்க. ஞாயித்துக்கெழமை ராத்திரி உன் புருசன் ஊட்லயா இருந்தான்?"

"வண்டியை யார்டுல விட்டுட்டு வீட்டுல படுத்துட்டு, விடியல்ல எடுத்தாக."

"நீ பாத்தியா?"

"நான் நைட் ஷிப்ட். ஆனா அவுக வேற எங்க போவாக?"

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன். வண்டி அவன் கையில. பொணம் வண்டியில. நாளன்னிக்குக் கோர்ட்டு."

ஜீப் போனது. பாண்டியம்மாள் என் மேஜைக்கு வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தாயி, தேதியை நீதான் தப்பாப் போட்டியாம்ல."

"ஆமாங்கக்கா."

"எவனோ கொன்னு எவனோ போட்டிருக்கான். நீ சரியாப் போட்டிருந்தா, அவுக பானிபட் போயிருப்பாக, சரக்கை எறக்கியிருப்பாக, வந்திருப்பாக. இப்ப எம்புருசன் கழுத்துல கயிறு."

வட்டமிட்ட காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினேன்.

"நீ போட்ட முடிச்சு. நீதான் அவுக்கணும்."

நாளைய வேலை: ஸ்டேஷனுக்கு வரும் வண்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

2024 ஜூலை 10, புதன்

இன்றைய தப்பு: மதியம் ஆபீசில் சொல்லாமல் வெளியே போனேன்.

வண்டி ஸ்டேஷன் சுவரோரம் நின்றது. சரக்கை இறக்கியிருந்தார்கள். நான் சுற்றி வந்தேன். பின்சக்கரங்களின் இடுக்கில் காய்ந்த மண்.

நீல மண்.

எங்கள் யார்டு செம்மண். கட்டு ஏற்றிய குடோன் சிமெண்ட் தரை. ஓசூர் வரைக்கும் தார் ரோடு. நீலம் எங்கிருந்து?

திருப்பூரில் பிறந்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். சாயக் கசடு. சாயப்பட்டறைக்குள் போகாத சக்கரத்தில் அது ஒட்டாது.

பல்லடம் ரோட்டுக்கு உள்ளே ஒரு சாயப்பட்டறை மூடிக் கிடக்கிறது. சொந்தக்காரர்... எங்கள் முதலாளி. யார்டில் இடம் இல்லாதபோது வண்டிகளை அங்கே விடுவோம். சாவி ஆபீஸ் ஆணியில் தொங்கும்.

எடுத்துக்கொண்டேன். பாண்டியம்மாளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன்.

"எங்க தாயி போறோம்?"

"தெரியலீங்கக்கா. தப்பாக்கூட இருக்கலாம்."

"நீ சரியாப் போன எடம் ஏதாச்சும் உண்டா?"

பூட்டைத் திறந்தேன். துருப்பிடித்த தொட்டிகள். கிழிந்த சாக்குகளிலிருந்து வழிந்த கசடு. மழை ஈரத்தில் நீலக் களி. அதில் லாரி போய், திரும்பி, வந்த தடம்.

சுவரோரம் ஒரு கம்பி கிடந்தது. அதன் நுனியில் ஈ.

பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொடாதீங்கக்கா."

"நான் எதுக்குத் தொடுறேன்."

வண்டி நின்ற இடத்தில் தடம் ஆழமாக இருந்தது. அங்கே... முன்பக்கம் இரண்டு. பின்பக்கம் இரண்டு. மஞ்சளாக நசுங்கி, குங்குமம் ஒட்டி, எறும்பு மொய்த்து.

எலுமிச்சம்பழம்.

வண்டி வெளிமாநிலம் கிளம்பும்போது சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து ஏற்றுவது எல்லா யார்டிலும் நடப்பதுதான். ஆனால் எல்லோரும் முன்சக்கரத்துக்கு மட்டும் வைப்பார்கள். எங்கள் முதலாளி ஒருவர்தான் பின்சக்கரத்துக்கும் வைப்பார். 'பாரம் பின்னாலதானே கண்ணு இருக்குது' என்பார். முப்பது வருஷம் லாரி ஓட்டி முதலாளி ஆனவர். இன்னொருவர் கையில் சூடத் தட்டைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கொலை செய்த கை. பிணத்தை ஏற்றிய கை. ஆனாலும் வடக்கே போகிற வண்டி பழம் ஏறாமல் நகரக்கூடாது என்று அந்தக் கைக்குப் பழகியிருக்கிறது.

சனிக்கிழமை ஞாபகம் வந்தது. முதலாளி அறைக்குள் சத்தம். நல்லான் சிவந்த முகத்தோடு வெளியே வந்தார். முதலாளி பின்னாலிருந்து சொன்னது ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

'இனி என்ர யார்டுக்குள்ள காலை வெக்காத.'

போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து பழங்களைக் குனிந்து பார்த்தார். கம்பியைத் துணியில் சுற்றச் சொன்னார்.

"நாலு பழம் வெக்கிறவரு உங்க முதலாளி மட்டுந்தானா?"

"ஆமாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமாங்க."

முதலாளியை ஆபீஸ் வாசலில் ஜீப்பில் ஏற்றினார்கள். தெருவே பார்த்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணு, நீயா சொன்னே?"



"நல்லானை நீங்க மெரட்டுனது நெசந்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சத்தம் போட்டனுங்க. என்ர டிரைவரைத் திருடன்னான். வடக்கே இருந்து வர்றப்ப ஓசூர்ல குட்கா மூட்டை ஏத்திட்டு வர்றானுங்கன்னான். எவன்னு கேட்டா, கையும் களவுமாப் புடிச்சுட்டு வந்து சொல்றேன்னான். என்ர பசங்களைச் சொன்னா எனக்குப் பொறுக்குமா?"

"அதான் தீர்த்துட்டீங்க."

"சாமி சத்தியமா இல்லீங்க. நான் இந்த வாரம் பழத்தைக் கையால தொடவே இல்லீங்க."

"தொடாமயே நசுங்கிருச்சா? நல்ல பழமுங்க."

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள்.

"கண்ணு, ஞாயித்துக்கெழமை..." என்று முதலாளி என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

ஜீப் கதவு அறைந்து மூடியது.

பாண்டியம்மாள் என் கையைப் பிடித்து கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முடிச்சு அவிழ்ந்தது. இன்று வகுப்பில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. ஆனால் பசித்தது.

நாளைய வேலை: வேறு வண்டியில் பானிபட் சரக்கை மாற்றி ஏற்ற வேண்டும். புது வண்டி நம்பரை ஈ-வே பில்லில் ஏற்ற வேண்டும். பர்மிட் தேதியை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

2024 ஜூலை 11, வியாழன்

இன்றைய தப்பு: நேற்று 'நிச்சயமாங்க' என்று சொன்னேன்.

மொக்கைச்சாமியை இன்று மதியம் சாட்சி என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். மாலை நாலு மணிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஆபீசுக்கு வந்தார்கள். அவர் குளித்து, சட்டை மாற்றி, விபூதி பூசியிருந்தார். அவள் கையில் மைசூர்பாகு டப்பா.

"எடு தாயி. நீ இல்லேன்னா இவுக இந்நேரம் கோயம்புத்தூர் ஜெயில்ல களி தின்னுட்டு இருப்பாக."

"இப்ப அங்க களி இல்லடி. சப்பாத்தியாம்," என்றார் மொக்கைச்சாமி.

"விசாரிச்சு வச்சிருக்காகளே."

மூன்று பேரும் சிரித்தோம். நான் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன்.

"முதலாளி ஊட்ல இருந்து போன் வந்ததுங்கண்ணா. சரக்கு நாளைக்கே கிளம்பணும்னாங்க. நீங்க போறீங்களா, வேற ஆளைப் போடட்டுமா?"

"நான்தான் போவேன். வீட்டுல ஒக்காந்தா மண்டை காயுது. ஆனா அய்யாவை நெனச்சாத்தான் சங்கடமா இருக்கு."

"என்னத்த சங்கடம்," என்றாள் பாண்டியம்மாள். "கொன்னுட்டு உங்க தலையில போட்டாரு. ஞாயித்துக்கெழம யார்டுல பாக்கையில என்னா ஆச்சாரம்! பங்காளி ஒருத்தர் தவறிட்டாராம். தீட்டாம். சூடத் தட்டைத் தொட மாட்டேன், பழத்தைத் தொட மாட்டேன்னு எட்டி நின்னாரு தாயி. அன்னிக்குக் கிளம்புன வண்டிக்குச் சாமி கும்புட்டதே இவுகதான். அவர் மாதிரியே பின்னாடியும் ரெண்டு வச்சாக. நான் சோறு குடுக்கப் போயி எங்கண்ணால பாத்தேன்ல."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

ஞாயிறு எனக்கு லீவு.

நான் பார்க்கவில்லை.

கொங்கு வீடுகளில் பங்காளி செத்தால் தீட்டு முடியும்வரை சாமி காரியத்தில் கை வைக்க மாட்டார்கள். வண்டிப் பூஜையும் சாமி காரியம்தான். எட்டி நின்றவர், அன்று இரவே சாயப்பட்டறையில் குங்குமம் தடவிப் பழம் வைப்பாரா?

முதலாளி கை அல்ல. முதலாளியைப் பார்த்துப் பழகிய கை.

சாவி ஆணியில்தான் தொங்கும். டிரைவர்களும் எடுப்பார்கள். குட்கா மூட்டையை ஒளித்து வைக்கவும் அதுதான் இடம்; நல்லான் பிடிக்கப் போனதும் அங்கேதானோ.

"இவ ஒருத்தி," என்றார் மொக்கைச்சாமி. "போலீசு இருக்க எடத்துல போயி இதைச் சொல்லிராத."

"உள்ளதைத்தானே சொல்றேன்."

"உள்ளதெல்லாம் சொல்லணுமா?"

அவர் குரல் மாறவில்லை. ஆனால் சிரிப்பு நின்றிருந்தது. என் வாயைப் பார்த்தார். நான் மெல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"என்ன மேடம், அப்படிப் பாக்குறீக?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. வழி யோசிச்சேன்."

"நல்லா யோசிங்க. யோசிக்கிறது உங்க வேலை. ஓட்டுறது என் வேலை." மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். "அவுகவுக வேலையை அவுகவுக பாத்தா ஒரு கொறையும் வராது. நல்லானுக்குத்தான் அது தெரியல."

"நல்லானை ஏங்க இழுக்குறீக? செத்தவனைப் பேசக் கூடாது," என்றாள் பாண்டியம்மாள்.

"பேசல. மேடத்துக்குப் புரியட்டும்னு சொன்னேன். புரிஞ்சுச்சா மேடம்?"

"புரிஞ்சுதுங்கண்ணா."

"விடியல்ல கிளம்பட்டுமா?"

"வேண்டாங்க. ஏழு மணிக்கு வாங்க. வண்டி மாத்துனதால பேப்பர் எல்லாம் புதுசு. சரிபார்த்துக் குடுக்கணும்."

"இந்தத் தடவை தேதி சரியா இருக்கட்டும்."

"இருக்குங்க."

போனார்கள். வாசலில் அவள் அவர் சட்டைக் காலரை மடித்துவிட்டது கண்ணாடிக் கதவில் தெரிந்தது.

வாயில் இருந்ததைத் துப்பினேன். கதவைத் தாழிட்டேன். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். விரல் இரண்டு தடவை தப்பான எண்ணைத் தொட்டது.

"சொல்லும்மா, வட்டம்."

"சார், நான் நேத்துச் சொன்னது தப்புங்க."

முழுசும் சொன்னேன். தீட்டு. ஞாயிற்றுக்கிழமை பூஜை. அந்த நாலு பழம். குட்கா ஏற்றுகிற டிரைவரைப் பிடிக்க நல்லான் அலைந்தது. கடைசியில் மேஜையில் ஊன்றிய இரண்டு கை.



"பெரியவர் நேத்துல இருந்து தீட்டு தீட்டுன்னு பொலம்பிட்டு இருக்காரு. கொலைகாரனுக்கு என்னய்யா தீட்டுன்னு நான்தான் வாயை அடைச்சேன்." பெருமூச்சு விட்டார். "கம்பியில கைரேகை எடுத்திருக்காங்க. பெரியவரோடது பொருந்தலையாம். இப்பத்தான் தகவல் வந்துச்சு. யாரோடதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். சாட்சின்னு விட்டவன் ரேகையை எவன் எடுத்தான்?"

"அவரு காலையில பானிபட் கிளம்பறாருங்க சார்."

"நமக்குத் தெரியும்ங்கிறது தெரிஞ்சா ராத்திரியே கிளம்பிருவான். ஊரைக் கூட்டாம, காலையில ஸ்டேஷனுக்கே வர வெச்சு ரேகை எடுத்துக்கலாம்; அதுவரைக்கும் மப்டியில ரெண்டு பேரை அவன் ஊட்டுப்பக்கம் நிறுத்தறேன். நீ பயப்படாம இரு. ஊட்டுக்கு எப்படிப் போவே?"

"பஸ்ஸுங்க."

"வேண்டாம். லேடி கான்ஸ்டபிளை அனுப்பறேன். கதவைத் திறக்காதே. ஆமா, அவன் எந்த வழியில போகணும்னு யார் முடிவு பண்றது?"

"நாந்தானுங்க."

"அப்ப முடிவு பண்ணு."

இதை எழுதும்போது கான்ஸ்டபிள் அக்கா என் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். முதலாளி இன்றிரவும் லாக்கப்பில்தான். அவரை உள்ளே தள்ளியது நான். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. பாண்டியம்மாளிடம் யார் சொல்வது? அவள் வாயால் சொன்னதுதான் அவள் புருஷனைக் கட்டப் போகிறது. அது அவளுக்குத் தெரியவே கூடாது. நான் சொல்லப் போவதில்லை. கோர்ட் சொல்லிவிடும்.

நாளைய வேலை: காலை ஏழு மணிக்கு மொக்கைச்சாமியிடம் வழிச்சீட்டு கொடுக்க வேண்டும். புறப்பாடு, நல்லூர் யார்டு. முதல் நிறுத்தம், ஸ்டேஷன். பழைய வண்டியின் பேப்பரை வாங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

அதற்கு மேல் வழி போட வேண்டியதில்லை. சரக்கு அங்கேயே இறங்கிவிடும்.